கேட்காமல் அழிக்க ஏலா

மச்சி,

இன்று காலை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து மடிக்கணினியைத் திறந்தேன். நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. இரவு தானாக ஏறிய புதுப்பித்தல் ஏதோ சரிவரவில்லை போலிருக்கிறது. கணினியே அதைக் கண்டுகொண்டு, தானே கழற்றிக்கொண்டிருந்தது. மாற்றங்களை மீளப்பெறுகிறோம், கணினியை நிறுத்த வேண்டாம் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி. வேலைக்கு நேரமாகியும் நான் எழும்பவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அது முடியும் வரை பக்கத்திலேயே இருந்தேன். இக்காலத்துக் கணினிக்குக் காவல் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டாவது வரியைக் கண்டால் எனக்கு உன் முகம்தான் வருகிறது. வெள்ளை முக்காட்டுக்குள், இத்தா இருந்த அந்த அறையில், திரையின் வெளிச்சம் மட்டும் விழுந்த முகம்.

நீ மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. உனக்காகத் துஆ கேட்பதோடு நிறுத்திக்கொள்வேன். போன வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது. அதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ அறிந்த கதைதான், ஆனாலும் முதலில் இருந்தே சொல்கிறேன். எனக்கு எதையும் முதலில் இருந்து சொன்னால்தான் வரும். அதற்காக நீ என்னை எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறாய்.

உன் மாப்பிள்ளையை, உன்னைக் கட்டியவரை, நான் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். கத்தாருக்குப் போவதற்கு முன் கல்முனை பஸாரில் அந்தக் கணினியை வாங்கி, தொலைபேசி இணைப்பும் எடுத்துத் தந்துவிட்டுத்தான் அவர் போனார். இஷாத் தொழுகைக்குப் பிறகு அவருடைய முகம் திரையில் வரும். அந்த நேரத்துக்கென்றே மாமி நல்ல முக்காடு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து கமராவுக்கு முன்னால் சற்றுத் திரும்பி உட்காருவார். கத்தார் தூரம் என்பதால் அவ்வளவுக்குச் சத்தமாகக் கதைக்க வேண்டும் என்பது மாமியின் கணக்கு.

“உம்மா, மெதுவாக் கதைங்க. இஞ்ச ரூம்ல இரிக்கிற எல்லாருக்கும் கேக்குது” என்பார் காக்கா.

“கேக்கட்டும். நான் என்ன கெட்டதா செல்றன்? சாப்பிட்டியா எண்டுதானே கேக்கிறன்.”

இணைப்பு வராத நாட்களில் அவர் தன் பேச்சைப் பதிந்து அனுப்புவார். அது மெல்ல மெல்ல இறங்கும். நீ அவற்றைத் திரையின் ஓரத்தில் இரண்டு கோப்புறைகளில் போட்டு வைத்திருந்தாய். ஒன்றுக்கு உன் மகள் நுஹாவின் பெயர். மற்றதற்குப் பெயரே வைக்கவில்லை.

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்காவின் உம்மா. கடற்கரை வீதியில் இருந்த அவருடைய வீட்டைச் சுனாமி அத்திவாரத்தோடு கொண்டுபோனது. காக்காவின் சிறுபிராயப் படங்கள் இருந்த அலுமாரியும் அதோடு போனது. மாமி உடுத்த உடுப்போடு உன் வீட்டுக்கு வந்தார். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான், அவனுடைய உம்மா வந்து தங்குவது வழக்கமில்லை. அந்தக் கூச்சம் மாமிக்கு நிறைய இருந்தது. வந்த கொஞ்ச நாளில், “மகன்ட பொஞ்சாதி வீட்டில எவ்வளவு காலத்துக்கு இரிக்கிற?” என்று உடுப்பை மடிக்கத் தொடங்கினார். நான் அப்போது உன் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ கையைக்கூடக் கழுவாமல் போய் நின்றாய்.

“மாமி, இது ஒங்கட மகன்ட வீடில்ல. என்ட வீடு. அவருக்கே நான்தான் இடம் குடுத்திரிக்கிறன். ஒங்களுக்கும் நான்தான் செல்லோணும். இரிங்க.”

மாமி சிரித்துவிட்டார். கடல் வந்த பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான் முதல். உன் வயதுதான் எனக்கும். ஒரே வகுப்பில் படித்தோம். நீ கல்யாணம் முடித்தாய், நான் நம் குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போனேன். ஆனால் ஒரு மனிதரின் கூச்சத்தை அப்படி ஒரே வார்த்தையில் கழற்றி வைக்க எனக்கு எங்கும் கற்றுத் தரவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. வேலைத்தளத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவே இல்லை. ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள். நீ முகம் பார்க்கவில்லை, மாமியும் பார்க்கவில்லை. உன்னை உள்ளறையில் இத்தா இருத்தினார்கள், நான்கு மாதமும் பத்து நாளும். நிலைக்கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்கள். தொலைக்காட்சியைத் துணியால் மூடினார்கள். அந்நிய ஆண்கள் உன்னைக் காணக் கூடாது, உன் குரலும் அவர்களுக்குக் கேட்கக் கூடாது. வடக்கில் சண்டை முடிவுக்கு வந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. வார இறுதியில் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பஸ் ஏறி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, உன்னிடம் வந்துவிடுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் வந்தபோது அறைக் கதவைச் சாத்தி என்னை உள்ளே இழுத்தாய். கணினி தன்பாட்டில் எழும்புவதும், பாதியில் கறுத்துப்போவதும், மறுபடி எழும்புவதுமாக இருந்தது.

“என்னடி இது?”

“மெதுவாக் கதை” என்றாய். “காலையில கேட்டுக்கிட்டிரிந்தன், காதுக்குள்ள மாட்டித்தான். அப்டேட் வந்திரிக்கி, போடவா எண்டு கேட்டிச்சு. அவர் எப்பவும் ஓமெண்டு குடு, இல்லாட்டி வைரஸ் வருமெண்டுதானே செல்லுவார். ஓமெண்டு குடுத்தன். பெட்டி நிண்டு எழும்புற நேரம் நான் லுஹாத் தொழ பைப்படிக்கு ஒளு எடுக்கப் போயிட்டன். மாமி வந்திரிக்கா.”

மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் கண்டதெல்லாம் இதுதான்: இத்தா இருக்கும் அறையில், யாரும் இல்லாத நேரத்தில், மகனின் முகம் வந்த பெட்டி தானாக வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்கிறது. பிளக்கைச் சுவரில் இருந்து இழுத்துவிட்டு, கண்ணாடிக்குச் செய்தது போல வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து அதையும் மூடிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. “கேட்டுட்டுத் தொட்டா என்ன அவவுக்கு?”

“மகன் வராத பெட்டி என்னத்துக்குப் புள்ள வெளிச்சம் காட்டுது எண்டு என்னக் கேட்டா. நான் என்ன செல்லுற?” உன் கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரல் இறங்கவில்லை. “அவர்ட பேச்சு இதுக்குள்ள இரிக்கிறது மாமிக்குத் தெரியா. தெரிஞ்சா, நான்தான் மகன்ட சத்தத்தையும் இல்லாமலாக்கின எண்டு அவ செத்துப்போயிருவா. ஆருக்கிட்டயும் செல்லிராத. ஸப்ரி வருவான், அவனுக்கிட்டயும்.”

ஸப்ரி பஸாரில் கணினி திருத்தும் கடை வைத்திருந்தவன். எந்தக் கணினி எந்த நோயோடு வந்தாலும் அவனிடம் ஒரே மருந்துதான், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது. போர்மெட் அடிக்கிறது என்பான். பாதி ஊரின் கல்யாணப் படங்கள் அவன் கையால் போயிருக்கின்றன என்று பகிடியாகச் சொல்வார்கள். அவனை விட்டால் வேறு ஆளும் இல்லை.

ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவனை விறாந்தையில் கதிரை போட்டு இருத்தினார்கள். அறை வாசலில் கனமான திரை தொங்கியது. திரைக்கு இந்தப் பக்கம் நீ விசைப்பலகையில், உன் அருகில் நான். நீ கதைக்கக் கூடாது, அவன் உள்ளே வரக் கூடாது. ஆகவே கணினித் திரையில் தெரிவதை நான் வாசிக்க வேண்டும், அவன் வெளியிலிருந்து சொல்ல வேண்டும், நீ அழுத்த வேண்டும். என் நிலைமையை யோசித்துப் பார். வகுப்பில் வரவு கூப்பிட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவள்தான் எனக்காக ‘வந்திருக்கா’ என்று சொல்வாள்.

“என்ன தெரியிது? செல்லுங்க.”

சொன்னேன்.

“கிணத்துக்குள்ள இரிந்து கதைக்கிற போல இரிக்கி. கொஞ்சம் சத்தமா.”

நீ என் தொடையில் கிள்ளினாய். வாயைப் பொத்திக்கொண்டு நீ சிரித்தாய். அந்தச் செய்தி வந்ததற்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. நான் சத்தமாக வாசித்தேன்.

“அப்டேட் போற நேரம் கரண்ட் போனதா?”

நான் உன்னைப் பார்த்தேன். தலையை ஆட்டினாய்.

“ஓம். போன.”

“இண்டைக்குக் காலையிலயா? எங்கட கடைக்கு இரிந்திச்சே. ரெண்டு வீதிதானே தள்ளி.”

நீ என் காதில் சொன்னாய். நான் வெளியே சொன்னேன். “எங்கட வீட்டுக்கு மட்டும் போன.”

விறாந்தையில் கோப்பை ஒன்று தட்டில் முட்டும் சத்தம் கேட்டது. மாமி அவனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தார்.

“சரி, அப்பிடியும் போகும்” என்றான் ஸப்ரி. “இது பாதி ஏறிப் பாதி ஏறாம நிக்கிது. இதோட மல்லுக்கட்டி வேலையில்ல. போர்மெட் அடிப்பம்.”

நீ என் கையைப் பிடித்தாய். “அடிச்சா பேச்செல்லாம் என்னாகுமெண்டு கேளு.”

கேட்டேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றான். திரையின் ஓரத்தில் என்றேன்.

“அப்ப போயிரும். வேணுமெண்டா பெட்டியக் கடைக்குத் தாங்க. டிஸ்க்கக் கழட்டி என்ட மெஷின்ல போட்டு எடுத்துத் தாறன். சரியா வந்திருக்கா எண்டு ரெண்டொண்டத் தொறந்து பாத்தாப் போதும்.”

நியாயமான வழிதான். நான் தலையசைத்தேன். நீ அசைக்கவில்லை. பெயர் வைக்காத கோப்புறையைப் பற்றி அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. “அவர் எனக்குக் கதைச்சத கடையில வெச்சுத் தொறக்கிறதா?” என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி. “சாவடியில வேற பெட்டியக் கழட்டிக் காட்டுண்டு செல்லுவான். வேணாம். போட்டதத் திருப்பி எடுக்கேலுமா எண்டு கேளு. அழிக்காம, போட்டத மட்டும்.”

வெளியே கேட்டேன். “ஏலும்” என்றான் ஸப்ரி. “மிச்சம் பொறுமை வேணும். எனக்கில்ல, ஒங்களுக்கு.”

கணினி எழும்பும்போது விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒரு விசையை விடாமல் தட்டச் சொன்னான். முதல் தரம் தவறியது. அடுத்த தரமும் தவறியது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பட்டியல் வந்தது. கடைசியாக நன்றாக இருந்த நிலைக்குப் போ என்று அதில் ஒரு வரி. அதை அழுத்தினோம். போகவில்லை, மறுபடி கறுத்தது. அதற்குப் பிறகுதான் ‘சேஃப் மோட்’. எல்லா எழுத்தும் பெரிதாகி, நிறமெல்லாம் வெளிறி, நான்கு மூலையிலும் அந்தப் பெயரோடு திரை வந்தது. ஓரத்தில் இரண்டு கோப்புறைகளும் இருந்தன. நீ நுஹாவின் பெயரில் இருந்ததைத் திறந்து ஒன்றை அழுத்தினாய். சத்தம் வரவில்லை.

“அதுல சத்தம் வேல செய்யா” என்றான் ஸப்ரி. “பயப்புடாதீங்க. பைல் இரிக்கிதானே? ஒரு பென்டிரைவ்ல எடுத்துக்கிட்டா நான் தைரியமா போர்மெட் அடிப்பன்.”

என் பையில் பென்டிரைவ் இருந்தது. செருகினேன். அந்த நிலையில் கணினி அதை அடையாளமே காணவில்லை. கழற்றிச் செருகிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. நீ ஒரு கோப்பின் பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தாய். “எடுபட்டாலும் இஞ்ச போட்டுக் கேக்கேலாதே” என்றாய். “கேக்காம அழிக்க ஏலா.”

அந்த வரியை நான் பிறகு எத்தனை இடத்தில் நினைத்திருக்கிறேன் தெரியுமா?

பிறகு புதுப்பித்தல்களின் பட்டியலைத் திறந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் பெயர், நீண்ட இலக்கம், பக்கத்தில் திகதி. அந்தக் காலையில் ஒன்றல்ல, ஒரு கூட்டமே ஏறியிருந்தது. கடைசியாக ஏறியதை முதலில் கழற்ற வேண்டும், ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடக் கூடாது, இடையில் எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டு ஸப்ரி அஸர் தொழப் போனான். நாம் இருவரும் கழற்றத் தொடங்கினோம். நான் இலக்கத்தை வாசிப்பேன், நீ திருப்பிச் சொல்வாய், பிறகு அழுத்துவாய். உன் குழந்தையின் வாப்பாவுடைய குரல் உள்ளே இருந்தது, ஆனால் நீ ஒரு முறைகூட அவசரப்படவில்லை. அவிழ்ந்து கலைந்த நூல்பந்தைச் சிக்கெடுப்பவள் போல இருந்தாய்.

ஓரிடத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. இதைக் கழற்றினால் கீழ்க்காணும் மென்பொருட்கள் ஒழுங்காக இயங்காமல் போகலாம் என்று ஒரு வரிசை. அதன் நடுவில், நீங்கள் கதைக்கப் பாவித்த மென்பொருளின் பெயரும் இருந்தது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். ஸப்ரி வரும் வரை இருப்போம் என்றேன்.

“அந்தப் பேர்தான் அதில இரிக்கா?”

“ஓம்.”

“அது கதைக்கிற சாமான்தானே? கோல் எடுக்கிறது?”

“ஓம், ஆனா…”

நீ திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். “இனி அதுல ஆரு நமக்கு எடுக்கப் போறா? அது போனாப் போகட்டும். கதைச்சது வேற இடத்தில இரிக்கி. கழட்டு.”

நீ அழவில்லை. ஓம் என்பதை அழுத்தினாய். நான்தான் முக்காட்டு நுனியைக் கண்ணில் வைத்துக்கொண்டேன்.

பட்டை மெல்ல நகர்ந்தது. அது பாதிக்கு வந்தபோது மாமி வாசல் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். “மஃரிபுக்கு நேரமாகுது புள்ள. இதையெல்லாம் நிப்பாட்டுங்க” என்று சுவர்ப்பக்கம் நடந்தார். நான் பாய்ந்து எழும்பினேன். என் வாய் திறந்துவிட்டது. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது, ஆனால் நல்லதாக இருந்திருக்காது. நீ என் கையைப் பிடித்து இருத்தினாய்.

“மாமி,” என்றாய், எந்த அவசரமும் இல்லாமல். “எனக்கொரு உதவி செய்யோணும். இந்தப் பிளக்க ஆரும் தட்டிராமப் பாக்கோணும். நுஹா ஓடித் திரியிறா. இது முடியிற மட்டும் நீங்க இதுக்குக் கிட்ட இரிக்கேலுமா?”

மாமி பிளக்கைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். பிறகு தொழுகைப் பாயை எடுத்து வந்து சுவரோடு போட்டு, தஸ்பீஹ் மணியோடு பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நுஹா ஓடிவந்தபோது கையை நீட்டித் தடுத்தார். “போ அங்கால, வாப்பாட பெட்டிக்கு வேல நடக்குது” என்றார். பாங்கு சொன்னதும் இருந்த இடத்திலேயே தொழுதார். தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்த கையோடு பிளக்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

கடைசியானதும் கழன்றது. கணினி நின்று எழும்பியது. மூலைகளில் இருந்த எழுத்துப் போய்விட்டது. நிறங்கள் வந்தன. தொடக்கத்தில் ஒலிக்கும் அந்தச் சின்ன இசை வந்தது. நான் உன் காதுக் கருவியை எடுத்து நீட்டினேன். நீ வாங்கவில்லை. மாமியைத் திரும்பிப் பார்த்தாய், நுஹாவின் கோப்புறையைத் திறந்தாய், ஒலிபெருக்கியின் திருகைக் கூட்டினாய்.

“நுஹாக்குட்டி, வாப்பாட பூனைக்குச் சோறு வெச்சியா? உம்மம்மாக்கிட்டச் செல்லு, மீன்ட தலையையும் அதுக்குக் குடுக்கச் செல்லி. இஞ்ச வெயில் மிச்சம்மா. உம்மம்மா சாப்பிட்டாவா?”

உம்மம்மா என்றால் உண்மையில் உன் உம்மா. ஆனால் உன் உம்மா எப்போதோ மௌத்து. நுஹா மாமியைத்தான் அப்படிக் கூப்பிடுவாள், காக்காவும் அவளுக்காக அப்படியே சொல்வார். மாமியின் கையில் மணி நின்றது.

“ஓம் மகன்” என்றார் மாமி. “சாப்பிட்டன்.”

அது முடிந்ததும் நீ அடுத்ததைப் போட்டாய். இஷா வரை போட்டாய். வெளியே ஸப்ரி வந்து, குரல் கேட்டு, கூப்பிடாமலே திரும்பிப் போயிருக்கிறான். அது பிறகுதான் நமக்குத் தெரிந்தது.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த நாளில் பெரிய வீதியில் வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு மாமி நடுங்கி உன் அறைக்குள் வந்தார். உன் இத்தா முடியவில்லை, வெளியே போய் யாரிடமும் எதுவும் கேட்க முடியாது. நீ மாமியை அருகில் இருத்தி காக்காவின் குரலைப் போட்டாய். வெடியின் சத்தம் கூடக் கூட நீயும் குரலைக் கூட்டினாய். அந்த நாள் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்றால் அப்படித்தான்.

இத்தா முடிந்து நீ வெளியே வந்த பிறகு ஊர்ப் பெண்கள் கணினி நின்றுவிட்டால் கடைக்குக் கொடுக்க முன் உன்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். ஸப்ரியே சிலரை அனுப்பினான். “போர்மெட் அடிக்க முன்ன அவக்கிட்ட ஒருக்காக் காட்டுங்க” என்பானாம். நீ யாரிடமும் எப்படிப் பழுதானது என்று கேட்டதில்லை. எதைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் முதலில் கேட்பாய். கேட்டுவிட்டு, பழுதாக்கியவர் யாரோ அவரையே பக்கத்தில் ஒரு வேலை கொடுத்து இருத்துவாய். நான் இப்போது இருக்கும் அலுவலகத்தில் யாராவது ஒரு பிழை விட்டால் எல்லோரும் முதலில் ஆளைத்தான் தேடுகிறார்கள். நானும் தேடுவேன். பிறகு உன்னை நினைத்து என் வாயை மூடிக்கொள்வேன். அதைத்தான் எனக்குச் செய்யத் தெரியும். உன்னைப் போல ஆளுக்கு வேலை கொடுத்துப் பக்கத்தில் இருத்த இன்னும் வரவில்லை.

மஹரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் கல்முனைக்குமாக நீ அலைந்த காலத்தைப் பற்றி எழுத மாட்டேன். ஒன்றை மட்டும். கடைசித் தடவை போனபோது வாட்டில் என் கையில் ஒரு சின்ன டிஸ்க்கைத் தந்தாய். “நுஹாட பேர்ல இரிக்கிறது நுஹாக்கு. மத்தது தொறக்காத. ஆனா அழிக்கவும் செய்யாத” என்றாய். எதற்கு அப்படி என்று நான் கேட்கவில்லை. நீயும் விளக்கவில்லை.

இப்போது போன வெள்ளிக்கிழமை. நான் வழக்கம்போல மாமியைப் பார்க்கப் போனேன். கண் நன்றாக மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. நுஹா வளாகத்துக்குப் போய்விட்டாள், இரண்டாவது வருடம். மாமிக்குக் காக்காவின் குரலைப் போட்டேன். பூனைக்குச் சோறு கேட்கும் அந்தப் பேச்சுத்தான், அதைத்தான் எப்போதும் கேட்பார். வழக்கம்போல “ஓம் மகன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“புள்ள, அண்டைக்கு அந்தப் பெட்டி என்னத்தால பழுதானது?”

உன் முகத்தை நினைத்துக்கொண்டேன். “கரண்ட் போனதால மாமி” என்றேன்.

“எந்தக் கரண்ட்?” மாமி சிரித்தார். “நான்தானே புள்ள பிளக்க இழுத்த.”

நான் மாமிக்குக் கிட்ட நகர்ந்து உட்கார்ந்தேன்.

“நீ திரைக்குள்ளால கரண்ட் போனதெண்டு அவனுக்குச் செல்லக்கொள்ள நான் தேத்தண்ணியோட அவடத்ததானே நிண்டன். எங்கட வீட்டுக்கு மட்டும் போனதாம்.” மாமி தலையை ஆட்டினார். “எனக்காகத்தான் பொய் செல்றாளெண்டு வெளங்கிட்டு. ஆனா என்னத்தக் கெடுத்தன் எண்டு வெளங்கல்ல. அது மகன்ட சத்தம் வந்த பொறகுதான் வெளங்கினது.”

“நீங்க அவவுக்கிட்டக் கேக்கல்லியா மாமி?”

“கேட்டா அவ இல்லையெண்டுதான் செல்லுவா. இன்னொரு பொய் செல்ல வெக்கிறதா? சும்மா இரிந்திட்டன். பிளக்குக்கிட்ட இரிங்க எண்டாளே, அதுவே எனக்குப் போதும். அந்த வீட்டில இனி ஒரு நாளும் கூச்சப்படத் தேவையில்ல எண்டு நெனச்சன்.”

மச்சி, உனக்குத் தெரிய வேண்டியது இதுதான். நீ மறைத்ததை மாமி கடைசி வரை அறிந்தே இருந்தார். நீ அறியாதபடி அறிந்திருந்தார். நீங்கள் இருவரும் ஒரே வீட்டுக்குள் இத்தனை வருடமும் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு, அதைச் சொல்லிக்கொள்ளாமல், ஒன்றாகச் சோறு ஆக்கித் தின்றிருக்கிறீர்கள். நான் நடுவில் ஒரு பெரிய இரகசியத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததாக நினைத்திருந்தேன்.

உன் டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. நுஹாவின் பங்கை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். அதில் ஒவ்வொன்றையும் போட்டுக் கேட்டுச் சரி பார்த்துத்தான் கொடுத்தேன். பெயர் வைக்காத கோப்புறையை மட்டும் நான் கணினி மாற்றும் போதெல்லாம் திறக்காமல் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுகிறேன். கேட்டுப் பார்க்க முடியாததால் அளவை ஒப்பிட்டுப் பார்ப்பேன், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று. ஒன்றாகத்தான் இருக்கிறது. பழையதை அழிக்கவா என்று கணினி கேட்கும். இல்லை என்று கொடுத்துவிடுகிறேன்.